வாசற்படியில் போட்ட உப்பு

1

இன்று காலை கவுன்சில் லொறி எங்கள் தெருவில் உப்பு எறிந்துகொண்டு போனது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். உப்பைப் போய்த் தெருவில் கொட்டுவார்களா என்று கேட்பீர்கள். கொட்டுகிறார்கள். சமையல் உப்பல்ல, மண்ணிறமான கல்லுப்பு. லொறியின் பின்னால் ஒரு தட்டுச் சுழலும். அது இரண்டு பக்கமும் வீசி எறிந்துகொண்டே போகும். மாரியில் இங்கே தெருவிலுள்ள ஈரமெல்லாம் கண்ணாடி போல உறைந்துவிடும். மனிதர் நடக்க முடியாது, பிரேக் பிடித்த இடத்தில் கார் நிற்காது. உப்புப் பட்டால் அந்தக் கண்ணாடி இளகிவிடும்.

யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து கல் எங்கள் வாசற்படியில் வந்து விழுந்தன. கதவைத் திறந்து ஓடிப்போய்ப் பொறுக்கித் தெருவில் எறிந்தேன்.

"மாமி, கால்ல ஒண்டுமில்லாமல் எங்கை போறியள்? விறைச்சுச் சாகப் போறியளே?" என்று மருமகள் சுகந்தி குசினிக்குள் இருந்து கத்தினாள்.

நாலு கல் உப்புக்கு அறுபத்தெட்டு வயதில் என்ன ஓட்டம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் மலருக்கு லண்டன் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். மகாராணியின் மாளிகையையும் மாடி பஸ்ஸையும் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவற்றை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நான் எழுத வேண்டியது ஒரு வாசற்படியைப் பற்றி. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்துக்கூட்டித்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் கணவர் மேசன். கடலோரத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் சுவர் அவர் கை பட்டது. கல்யாணம் முடித்த புதிதில் கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லை. நானே மண் சுமந்தேன், தண்ணீர் அள்ளினேன், கலவை குழைத்தேன். அதை நான் ஒளித்ததில்லை. மற்றப் பெண்கள் நகையைப் பற்றிப் பேசும்போது நான் சீமெந்தைப் பற்றிப் பேசுவேன்.

கடலோர ஊரில் மேசனுக்குப் பெரிய சோதனை மண்தான். ஆற்று மண் தூரத்திலிருந்து வர வேண்டும். கடல் மண் காலடியில் கிடக்கிறது. கள்ள மேசன் கடல் மண்ணைக் கலந்து பூசிவிட்டுப் போய்விடுவான். ஒரு வருடம் போகச் சுவரில் உப்புப் பூக்கும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். யார் வீட்டிலாவது பூச்சு உதிர்ந்தால் என் கணவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு பொருக்கைப் பெயர்த்து நாக்கில் வைப்பார். கரித்தால், "கடல் மண்" என்பார். அவ்வளவுதான். ஒரு மேசனின் பிழைப்பு அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அவர் அந்தச் சொல்லை இலேசில் சொன்னதில்லை. என் நினைவில் மூன்றே மூன்று தரம்.

கலவை குழைக்கும்போது உள்ளே போகிற உப்புத்தான் கெடுக்கும், இறுகிக் கல்லாகிய சீமெந்தைக் கடலே வந்து மோதினாலும் ஒன்றும் செய்யாது என்பதும் அவர் சொன்னதுதான். அதற்குச் சாட்சி எங்கள் துறையில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கொங்கிறீட் அணை. என் அப்பாவின் காலத்திலிருந்து இராப்பகலாக உப்புத் தண்ணீரில் நிற்கிறது. ஒரு பொருக்கு உதிர்ந்ததில்லை. நீங்கள் எல்லோரும் அதில் இருந்து கால் நனைத்திருப்பீர்கள்.

இந்த இரண்டு அறிவையும்தான் நான் லண்டனுக்குக் கொண்டுவந்தேன். வேறு படிப்பு என்னிடம் இல்லை.

3

கணவர் கண்ணை மூடிய பிறகு, ஊரில் குண்டு விழத் தொடங்கிய காலத்தில், மகன் தவராசா என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். அவன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீடு வாங்கியிருந்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வரிசை வீடு. முன்வாசலில் மூன்று படி, பின்வாசலில் ஒரு படி. எல்லாம் வெடித்து ஆடிக்கொண்டிருந்தன.

அதைத் திருத்த வந்தவன் பாலன். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். எங்கள் பக்கத்து ஊர், அகதியாக வந்தவன். கிழமை நாளில் ஒரு கோழிக் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் தமிழர் வீடுகளில் மதில் கட்டுவான், படி போடுவான். மனைவி லீலாவும் சின்ன மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி முடிகிற நேரம் படிக்குக் கொங்கிறீட் போட்டான். முன்படிக்கும் பின்படிக்கும் ஒரே நாள், ஒரே கலவை. நான் கதிரையைப் போட்டு முன்னால் இருந்துவிட்டேன்.

"தம்பி, தண்ணி கூடிப்போச்சு."

"இல்லையம்மா, அளவு தான்."

"கலவை கரண்டியாலை வழியக் கூடாது, குந்தியிருக்க வேணும். என்ரை மனுசன் சொல்லுவார்."

"அம்மா மேற்பார்வைக்கு இருந்தால் நான் கூலி குறைக்க மாட்டன், கூட்டித்தான் கேப்பன்" என்று சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

முன்படி எங்கள் ஊர் வீட்டு நிலம் போல மினுங்க வேண்டும் என்று நான் கேட்டேன். தனிச் சீமெந்தைக் கரைத்து மேலே ஊற்றி மட்டக் கரண்டியால் தேய்த்து மினுக்குவது. அவன் தயங்கினான். "இஞ்ச மழை நாடம்மா, வழுக்கும்" என்றான். நான் விடவில்லை. பின்படியை அப்படியே சொரசொரப்பாக விட்டான். முன்படியைக் கண்ணாடி போலாக்கினான். அடுத்த கிழமை கோயிலில் கண்ட எல்லோரிடமும் அந்தப் படியைப் பற்றிச் சொன்னேன்.

4

விடிந்ததும் வாசல் கழுவாமல் நான் விளக்கேற்றியதில்லை. ஊரில் முற்றம் தெளிப்பேன். இங்கே முற்றமில்லை, அந்த மூன்று படிதான். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் கொண்டுபோய் ஊற்றிக் கழுவுவேன். வெள்ளைக்காரர் வேலைக்குப் போகிறபோது பார்த்துக்கொண்டு போவார்கள். பார்க்கட்டும்.

அந்த மாரியில் ஒருநாள் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். தவராசா வேலைக்கு வெளிக்கிட்டவன் மேல்படியில் கால் வைத்து வழுக்கிக் கீழ்ப்படியில் போய்க் குந்தினான். தண்ணீர் உறைந்துவிட்டது.

"அம்மா! ஆரைக் கொல்லத் தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறியள்?"

"வாசல் கழுவினனான்."

"இனிக் கழுவ வேண்டாம்."

"அப்ப விளக்கையும் நூத்துப்போட்டு என்னையும் எங்கையாவது விடு."

அவன் என்னோடு வாதாடி வென்றதில்லை. அடுத்த நாள் ஒரு பெரிய பை கல்லுப்பு வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் வைத்தான். அதற்குப் பிறகு நான் காலையில் கழுவுவேன், கழுவியதும் கை நிறைய உப்பு அள்ளிப் படிக்கு மூன்று பிடி வீசுவேன். மத்தியானம் கொஞ்சம் இளகும். பின்னேரம் திரும்ப இறுகும். திரும்பவும் வீசுவேன். சில நாள் கேத்தில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இளக்கியிருக்கிறேன். மாரி முழுவதும் இதே வேலை. பின்வாசலால் மாரியில் யாரும் போவதில்லை. அந்தப் படிக்குத் தண்ணீருமில்லை, உப்புமில்லை.

பங்குனி பிறக்க முன்படியின் மினுக்கம் போய்விட்டது. அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, பால் ஆடை போல மெல்லிய தோல் கழன்று வந்தது. அந்த வருடம் ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அடுத்த மாரியும் போயிற்று. தோல் போன இடத்தில் மண் தெரிந்தது, சில இடத்தில் சல்லிக்கல்லும் தெரிந்தது. தும்புத்தடியால் கூட்டினால் ஒரு சிரட்டை தூள் வரும்.

உப்பு வீசுவதை நிறுத்தி ஐந்தாறு கிழமை ஆகியிருந்தது. மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. நான் குந்தியிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்தேன். மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு உள்பக்கத்தை நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

தவராசா பின்னால் நின்றான். "அம்மா, நீங்கள் போட்ட உப்பாய் இருக்காதோ?" என்றான்.

"மேலை போட்ட உப்பு மழையோடை போயிருக்கும். இது உள்ளுக்கிருந்து வாற உப்பு. இறுகின சீமெந்துக்குள்ளை உப்புப் போகுமெண்டால் எங்கட துறை எப்பவோ கரைஞ்சிருக்கும். கொப்பர் கரண்டி பிடிச்ச காசிலை சோறு திண்டு வளந்தனி, ஒரு கல்லுத்தன்னும் வைச்சு அறியாய். எனக்குச் சொல்ல வந்திட்டார்."

அவன் உள்ளே போய்விட்டான்.

5

அந்த மாதம் ஈஸ்ற்ஹாமில் ஒரு மண்டபத்தில் சாமத்தியச் சடங்கு. ஒரு மேசையில் எட்டு பத்துப் பெண்கள் இருந்தோம். ஒருத்தி, தங்கள் வீட்டுக்கு முன்னால் கார் விடுவதற்குப் பாலனைக் கொண்டு கொங்கிறீட் போடப்போவதாகச் சொன்னாள்.

"பொறு பிள்ளை" என்றேன். "நான் மேசன்ரை பெண்சாதி. ருசி பாத்துத்தான் சொல்லுறன். அவன் கடல் மண் போடுறவன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். "லண்டனிலை கடல் மண்ணுக்கு எங்கையக்கா போறது?"

"கள்ளனுக்கு எந்த ஊரிலையும் கடல் கிட்டத்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு இனிப்பாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் சனத்துக்குப் பட்டம் வைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. பந்தி முடிய முதல் அவன் கடல்மண் பாலன் ஆகிவிட்டான். ஒரு கிழமையில் அது லண்டனின் மறுகோடியிலுள்ள ஹரோவுக்குப் போய்விட்டது. கார் விட இடம் கேட்டவள் வேறு ஆளைப் பிடித்தாள். மதில் பேசி வைத்தவர்கள் போனை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாலன் வந்தான். வணக்கம் சொல்லிவிட்டுப் படியில் முழங்காலில் இருந்தான். சுத்தியலால் இலேசாகத் தட்டிப் பார்த்தான். பொள்ளென்று கேட்டது. கையால் தடவினான். பிறகு ஒரு பொருக்கை எடுத்தான். எல்லா மேசனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நாக்கில் வைத்தான்.

அவன் முகம் போன போக்கை நான் கண்டேன்.

"என்ன, கரிக்குதோ?"

"ஓம். கரிக்குதுதான்."

"மண் எங்கை எடுத்தனி?"

"கடையிலைதானம்மா, சாக்கு மண். ஆத்து மண் எண்டுதான் தந்தவங்கள்."

"அப்ப கடைக்காரன் போய்க் கடலிலை அள்ளினவனோ?"

அவனும் கடலோரத்தில் தொழில் பழகியவன். என்னுடைய இரண்டு அறிவும்தான் அவனுடைய அறிவும். தன் நாக்கே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது அவன் யாரிடம் போய் வாதாடுவான்?

"நான் திரும்பப் போட்டுத் தாறன். ஒண்டும் தர வேண்டாம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மா, விசாவுக்கு நிரந்தர வருமானம் காட்டச் சொல்லுறாங்கள். எனக்கு வேலை தந்தனாங்கள், இனியும் தருவம் எண்டு நாலு வீட்டுக்காரர் எழுதித் தந்தால் காணுமாம். மூண்டு பேர் இப்ப மாட்டன் எண்டிட்டினம். தவண்ணை தாறன் எண்டவர்."

தவராசா எனக்குப் பின்னால் நின்றான். கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசை லாச்சியில் வைத்திருந்தான். அது எனக்குத் தெரியும்.

"பொய்க் கடிதம் எங்கட வீட்டாலை போகாது" என்றேன்.

பாலன் மகனைப் பார்த்தான். மகன் நிலத்தைப் பார்த்தான். பாலன் எழும்பி முழங்காலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

6

அதற்குப் பிறகு நான் பாலனை அதிகம் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையில்லை. வீட்டில் வேறு கவலைகள் இருந்தன. பேத்தி பிரியா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போகத் தொடங்கினாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அவளுடைய பதிலில் 'அப்பாச்சி' மட்டும் எனக்கு விளங்கும். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் ஒவ்வொரு முறையும் ஒரு சாவு இருந்தது. பிறகு சண்டையில் ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கடிதமும் குறைந்துபோனது.

ஒவ்வொரு மாரியும் நான் கழுவினேன், உப்புப் போட்டேன். படி கரைந்துகொண்டே போனது. விளிம்பு உடைந்து ஒரு வெள்ளைக்காரத் தபால்காரர் விழப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தவராசா ஓர் அயர்லாந்துக்காரரைக் கூட்டி வந்தான். வயதான மனிதர், கை முழுக்கச் சீமெந்து வெடிப்பு. அந்தக் கைகளைக் கண்டதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. தவராசா வேலைக்குப் போய்விட்டதால் பிரியாதான் மொழிபெயர்த்தாள்.

அவர் படியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்த உப்புப் பையையும் பார்த்தார். ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார்.

"உப்பாம் அப்பாச்சி" என்றாள் பிரியா.

"ஓம் உப்புத்தான். கடல் மண். அவருக்கும் விளங்கியிட்டுது, பாத்தியே."

"நோ, அப்பாச்சி. அந்த உப்பு. பையிலை இருக்கிறது. நீங்கள் போட்டது."

"இறுகின சீமெந்தை உப்பு ஒண்டும் செய்யாது. எங்கட ஊர்த் துறையிலை வந்து பாக்கச் சொல்லு. ஐம்பது அறுபது வருசமாய்க் கடலுக்கை நிக்குது."

பிரியா சொன்னாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்டார். பிரியா அதைச் சொன்னாள்:

"உங்கட ஊர்க் கடல் உறையிறதோ எண்டு கேக்கிறார்."

நான் உப்புப் பையைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார், பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சீமெந்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் அதற்குள் போகும். உறையும்போது தண்ணீர் பருக்கும், பருத்தால் சீமெந்தைத் தள்ளும். உப்பில்லாவிட்டால் ஒருமுறை உறைந்து பல நாள் அப்படியே கிடக்கும். உப்புப் போட்டால் இளகும், இளகிய உப்புத் தண்ணீர் இன்னும் உள்ளே ஊறும், அது காய்வதுமில்லை. குளிர் கூடினால் திரும்ப உறையும், திரும்பத் தள்ளும். ஒரு நாளில் இரண்டு தரம்கூட நடக்கும். புதிதாய்ப் போட்ட கொங்கிறீட் என்றால் முதல் மாரியிலேயே தோல் கழன்றுவிடும். அதிலும் மேலே மினுக்கிய தோல் என்றால் சொல்லத் தேவையில்லை. சுடுதண்ணீரும் ஊற்றினேன் என்று நானே சொன்னபோது, அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அப்போதும் நான் விடவில்லை. "கலவையே பிழை எண்டு சொல்லு" என்றேன்.

அதே கலவையில் போட்டது வேறேதும் இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

இருந்தது. மூன்று பேரும் குசினிக்குள்ளால் பின்வாசலுக்குப் போனோம். பின்படியை நான் வருடக்கணக்காக ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பாலன் கரண்டியால் இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு பொருக்கு இல்லை. அந்த மனிதர் சுத்தியலால் தட்டினார். மணி போலக் கேட்டது. அவர் விளிம்பில் பலமாக ஓர் அடி அடித்துச் சின்னத் துண்டொன்றைப் பெயர்த்து என் கையில் தந்தார்.

நான் அதை நாக்கில் வைத்தேன். கல்லின் சுவைதான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்ப முடியாமல் நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.

7

உடனே பாலனைத் தேடி ஓடினேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் சொல்லவில்லை. புதுப்படி போட்டாயிற்று, அதில் தண்ணீரும் ஊற்றவில்லை, உப்பும் போடவில்லை. சுகந்தி, "என்ன மாமி, வாசல் கழுவேல்லையோ?" என்று கேட்டபோது முழங்கால் நோ என்றேன். ஊரில் என் கணவர் வாழ்நாளில் மூன்றே தரம் சொன்ன சொல்லை நான் ஒரு சடங்கு மேசையில் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

கடைசியில் மகனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பிரியா அண்டைக்கே சொன்னவள்" என்றான். "நான் அந்தக் கடிதத்தைக் குடுத்திருக்க வேணும் அம்மா. உங்களுக்குப் பயந்து விட்டிட்டன். நாப்பது வயதிலை."

பாலன் வெம்பிளியில் இருக்கிறான் என்று விசாரித்துச் சொன்னவனும் அவன்தான். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். பிரியா ஒரு தாளில் ரயில் மாறுகிற இடங்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் அந்தத் தாளை நீட்டி நீட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்கு மேல் ஒரு அறை. கதவைத் திறந்தவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்துவிட்டது. அவனுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது.

"வாங்கோ அம்மா" என்றான். "படி ஏறி வந்தனீங்களோ? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம் தம்பி. நான் சொல்ல வந்ததைச் சொல்லுறன்."

நின்றபடியே சொன்னேன். உப்பு, தண்ணீர், உறைவது, இளகுவது, பின்படி, எல்லாம். அவன் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப மண் நல்ல மண்ணோ?"

"நல்ல மண்."

"கலவை?"

"கலவையும் சரி. பின்படி இரும்பு மாதிரிக் கிடக்கு."

அவன் கட்டிலில் இருந்துவிட்டான். "நான் அந்தக் கடைக்காரனோடை போய்ச் சண்டை பிடிச்சனான் அம்மா. அவன் பொலிசைக் கூப்பிடுவன் எண்டவன். பிறகு நானே நம்பியிட்டன். எங்கையோ பிழை விட்டிட்டனெண்டு. கரண்டி, மட்டப்பலகை எல்லாத்தையும் ஒருத்தனுக்குக் குடுத்திட்டு இப்ப குளிர் களஞ்சியத்திலை மீன் பெட்டி தூக்கிறன்."

"லீலாவும் பிள்ளையும்?"

"கொழும்பிலை ஒண்டரை வருசம் இருந்தவ. கடிதம் காணாது எண்டு விசா இல்லையெண்டிட்டாங்கள். திரும்பப் போடுவம் எண்டனான். இனி லொட்ஜிலை இருக்க ஏலாது எண்டு பிள்ளையையும் கொண்டு ஊருக்குப் போட்டா. போய் ரெண்டு கிழமையிலை பாதை பூட்டினது."

"கடிதம் வாறதில்லையோ?"

"மூண்டு வந்தது. கடைசிக் கடிதத்திலை..." அவன் நிறுத்திவிட்டு யன்னலைப் பார்த்தான். "இஞ்சத்தைப் பட்டம் அங்கையும் போய்ச் சேந்திட்டுது அம்மா. 'சனம் உங்களைக் கடல்மண் எண்டு சொல்லுது. அப்பிடிச் செய்தனீங்களோ?' எண்டு கேட்டு எழுதியிருந்தவ. செய்யேல்லை எண்டு எழுத எனக்குத் துணிவு வரேல்லை. என்ரை நாக்கு கரிச்சது தானே. இண்டைக்கு எழுதுவம், நாளைக்கு எழுதுவம் எண்டு விட்டிட்டன். பிறகு இடம்பெயர்ந்து போட்டினமெண்டு ஒராள் சொன்னது. எந்தப் பக்கமெண்டு தெரியாது."

கும்பிட்டேன். அவன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கோபமாகவுமில்லை, அன்பாகவுமில்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு நான் சொல்ல மாட்டன் அம்மா. அது வாயிலை வருகுதில்லை. ஆனால் அண்டைக்கு நாலு பேருக்கு முன்னாலைதானே சொன்னனீங்கள். இதையும் அப்பிடிச் சொல்லுங்கோ. ஊருக்கும் சொல்லுங்கோ."

கீழே இறங்கும்போது அவன் முன்னால் போய் ஒவ்வொரு படியாகக் காட்டினான். "இதிலை பாத்து வையுங்கோ, இது ஆடும்" என்றான்.

8

ஈஸ்ற்ஹாமில் சொல்லிவிட்டேன். போன மாதம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்களில் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். ஒருத்திக்கு அந்தப் பேச்சே நினைவில்லை. ஒருத்தி, "இப்ப என்னத்துக்கக்கா அதுகளை?" என்று கேட்டாள். பாலனின் பெயரைச் சொன்னால் தெரியவில்லை. கடல்மண் என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது.

இனி ஊருக்கு. இந்த மலர் பாதை தாண்டி எத்தனை பேர் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. கப்பலில் ஒன்று வரலாம், யாராவது பையில் மடித்து ஒன்று கொண்டுவரலாம். வாசிக்கிறவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ கொட்டிலிலோ இருக்கிறவர்களிடம் விசாரியுங்கள். பெயர் லீலா. புருசன் லண்டனில் மேசன். மகளுக்கு இப்போது பத்துப் பதினொரு வயதிருக்கும். கண்டால் இதை அவள் கையில் கொடுங்கள். வாசிக்க மனமில்லை என்றால் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

பிள்ளை லீலா, நீ எழுதிக் கேட்டதற்கு அவன் மறுமொழி எழுதவில்லை. எழுத முடியாமல் செய்தவள் நான். அவன் போட்டது நல்ல மண், நல்ல கலவை. கரித்த உப்பு என் கையால் நான் வீசியது.

அப்படிச் செய்தீர்களா என்று கேட்டாய். அவன் செய்யவில்லை.